தெருமுனையில் ஸ்டூடியோ... தேடினால் கிடைக்கவில்லை!

*சிட்லபாக்கம், குரோம்பேட்டை, சேலையூர், தாம்பரம்... புறநகர் போட்டோகிராபர்கள் இணையத்தில் எந்தச் சொற்களை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்? வாடிக்கையாளர்கள் எந்தச் சொற்களில் தேடுகிறார்கள்?*

விடியற்காலை ஐந்தே முக்கால் மணி. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவின் நான்காவது வீட்டுப் பெரியவர் முந்தைய இரவு தவறிவிட்டார். வாசலில் சாமியானாக்காரர்கள் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி வந்தாயிற்று, மாலைக்குச் சொல்லியாயிற்று, நாற்காலிகளும் வந்துவிட்டன. எல்லாம் போனிலேயே முடிந்தது. ஒன்று மட்டும் பாக்கி.

“அப்பா படம் ஒண்ணு பெருசா போட்டு வைக்கணுமே...” என்றார் மூத்த மகள்.

படம் பேரனின் போனில் இருந்தது. போன வருஷம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் எடுத்தது. பெரியவர் பாதிச் சிரிப்பில் இருக்கிறார். பக்கத்தில் யாருடைய தோளோ, ஓர் ஐஸ்கிரீம் கப். அவரை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல வண்ணம் கொடுத்து, 12-க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி, ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் தலைமாட்டில் வைக்க வேண்டும்.

பேரன் வாசல்படியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் அடித்தான்: ‘போட்டோ பிரேம் அர்ஜென்ட் சிட்லபாக்கம்’. முதலில் பரிசுப் பொருள் விற்கும் ஆன்லைன் கடைகள் வந்தன. மூன்று நாளில் டெலிவரியாம். விரலால் தள்ளத் தள்ள, கேண்டிட் வெட்டிங் போட்டோகிராபர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் மணப்பெண் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், இந்நேரத்துக்கு எந்தக் கடை அங்கிள் திறந்திருக்கும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டபோது அவன் குரல் உடைந்திருந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கீழே கடை, மாடியில் வீடு. என் அப்பாவுக்கும் அங்கேதான் படம் போட்டோம். கூப்பிட்டேன். பத்து நிமிஷத்தில் ஷட்டர் ஏறியது. ஏழரை மணிக்கெல்லாம் பெரியவர் சந்தனப்பொட்டும் மாலையுமாகச் சட்டத்துக்குள் பாதிச் சிரிப்போடு இருந்தார்.

மறுவாரம் அந்த ஸ்டூடியோவை நானே கூகுள் மேப்பில் தட்டிப் பார்த்தேன். கடைப்பெயருக்குப் பின்னால் ‘பெஸ்ட் கேண்டிட் வெட்டிங் போட்டோகிராபி இன் சென்னை’ என்று ஓர் ஒட்டு. உள்ளே போனால் ‘சினிமாட்டிக்’, ‘ப்ரீ வெட்டிங்’, ‘டெஸ்டினேஷன்’. பிரேம் என்ற சொல் எங்கும் இல்லை. பிரிண்ட், பாஸ்போர்ட் சைஸ், லேமினேஷன் எதுவும் இல்லை. முகவரி வரியை விட்டால் சிட்லபாக்கம் என்ற பெயரே இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் அன்றாடம் செய்யும் வேலையில் ஒன்றுகூட அங்கே எழுத்தாக இல்லை. சில வருஷங்களுக்கு முன் யாரோ வந்து பணம் வாங்கிக்கொண்டு அதை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அந்தச் சொற்களைப் பொறுக்கியவர் கடைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால்கூட வேறு சொற்களைப் பொறுக்கியிருப்பார்.

இந்த ஒரு கடையோடு போகிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. குரோம்பேட்டை முதல் பெருங்களத்தூர் வரை போட்டோ தொழிலில் இருப்பவர்கள் இன்று அதிகம் பேசிக்கொள்வது கேமராவைப் பற்றி இல்லை. “கூகுள்ல நம்ம கடை வரமாட்டேங்குது” என்பதைப் பற்றித்தான்.

## சென்னை என்ற கடலில்

ஒரு காலத்தில் போட்டோகிராபரைக் கண்டுபிடிக்கக் கல்யாண மண்டப மேனேஜரைக் கேட்டால் போதும். மேசைக் கண்ணாடிக்கடியில் கார்டு இருக்கும். 1996-ல் வந்த ஜஸ்ட்டயல் அந்தக் கார்டைத் தொலைபேசி எண்ணாக்கியது. 2014-ல் கூகுள், ‘மை பிசினஸ்’ என்ற பெயரில் கடைக்காரர்களுக்கு இலவச இடம் கொடுத்தது. 2021 நவம்பரில் அதற்கு ‘பிசினஸ் புரொஃபைல்’ என்று பெயர் மாறியது. அதே மாதத்தில்தான் சிட்லபாக்கம் பேரூராட்சியும் பெயர் மாறியது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது சிட்லபாக்கம் அதற்குள் போனது.

ஆனால், இங்கே குடியிருப்பவர் யாரும் ‘நான் தாம்பரத்தில் இருக்கிறேன்’ என்று சொல்லிப் பழகவில்லை. சிட்லபாக்கம் என்பார்கள், அஸ்தினாபுரம் என்பார்கள், ராஜகீழ்ப்பாக்கம் என்பார்கள். 2019 கோடையில் ஊர்க்காரர்கள் தாங்களே இறங்கி ஏரியைச் சுத்தம் செய்தார்களே, அந்த ஏரியும் அவர்களுக்குச் சிட்லபாக்கம் ஏரிதான். தேடும்போதும் கை அந்தப் பெயரைத்தான் அடிக்கிறது.

ஸ்டூடியோக்காரர்களோ ‘சென்னை’ என்று போட்டுக்கொள்கிறார்கள். பெரிய ஊர், பெரிய ஆர்டர் என்ற ஆசை. அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் ‘வெட்டிங் போட்டோகிராபி சென்னை’ என்று ஒருவர் அண்ணா நகரிலிருந்து தேடும்போது, நூற்றுக்கணக்கான விமர்சனங்களும் பெரிய இணையதளமும் தனி விளம்பரச் செலவும் வைத்திருக்கும் நிறுவனங்களோடு இரண்டு பேர் நடத்தும் கடை மோத வேண்டியிருக்கிறது. அந்த மோதலில் நம் கடை எங்கோ பின்பக்கத்தில் நிற்கும். அதே கடை, சேலையூரிலிருந்து ‘போட்டோ ஸ்டூடியோ’ என்று வெறுமனே தேடும் ஒருவருக்கு முதல் மூன்றில் வந்திருக்கலாம். அதற்கு வேண்டிய சொல் அதன் பக்கத்தில் இல்லை.

> பெட்டிச் செய்தி: கூகுள் எதைப் பார்க்கிறது?
>
> உள்ளூர்த் தேடலில் மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் வெளிப்படையாகச் சொல்கிறது: தேடிய சொல்லுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற பெயர்.
>
> பிசினஸ் புரொஃபைலில் ஒரு முதன்மை வகையும், கூடுதலாக 9 வகைகளும் தேர்ந்தெடுக்கலாம். கல்யாணப் போட்டோகிராபர், போட்டோ ஸ்டூடியோ, பாஸ்போர்ட் போட்டோ ஆகியவை தனித்தனி வகைகள்.
>
> கடையைப் பற்றிய விவரத்துக்கு இடம் 750 எழுத்துக்குறிகள்.
>
> இணையப் பக்கத்தின் பின்புறத்தில் ஒளித்து எழுதும் ‘கீவேர்ட்ஸ்’ வரியை வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் காசு கேட்பவர்கள் உண்டு.

தூரம் நம் கையில் இல்லை; கடை இருக்கும் இடம் இருக்கும் இடம்தான். பெயர் சம்பாதிக்க வருஷங்கள் ஆகும். இன்று சாயங்காலமே மாற்றக்கூடியது பொருத்தம் ஒன்றுதான். அது முழுக்க முழுக்கச் சொல் சம்பந்தப்பட்டது.

## எதிரே நிற்பவர் வாயிலிருந்து

சொல்லை எங்கே தேடுவது? கீவேர்டு கருவிகள் ஏராளம். நான் முதலில் சொல்வது ஒரு நாற்பது பக்க நோட்டு.

கடைக்கு வருகிறவர், போனில் கூப்பிடுகிறவர் முதல் வாக்கியத்தில் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுதி வைக்க வேண்டும். திருத்தாமல், தொழில்மொழியில் மாற்றாமல். “பொண்ணுக்கு ஏழாம் மாசம், வளைகாப்புக்குப் போட்டோ வீடியோ எவ்ளோ ஆகும்?” “அம்மா அப்பாக்கு அறுபதாம் கல்யாணம், வீட்டுலயேதான் பண்றோம்.” “கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பீங்களா?” “பழைய படம் தண்ணி பட்டுடுச்சு, சரி பண்ண முடியுமா?” ஒரு மாதம் எழுதினால் தெரியும், எத்தனை பேர் ‘சினிமாட்டிக்’ என்று கேட்டார்கள் என்று.

கடைசியாகச் சொன்ன அந்தத் தண்ணீர் பட்ட படம் இந்தப் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது கட்டில் மட்டத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் போயிற்று. பீரோவின் அடித்தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட வீடுகள் எத்தனையோ. அந்த ஆல்பங்களைத் தூக்கிப் போட மனமில்லாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் ‘ரெஸ்டொரேஷன்’ என்று தேடுவார்களா? சிலர் தேடுவார்கள். பலர் ‘பழைய போட்டோ சரி செய்ய’ என்றுதான் கேட்பார்கள், அதுவும் போனை வாயருகே வைத்துப் பேசி. தமிழில் பேசித் தேடும் வசதியைக் கூகுள் 2017 ஆகஸ்டில் கொண்டுவந்தது. அதே ஆண்டு கூகுளும் கேபிஎம்ஜியும் வெளியிட்ட அறிக்கையில், இந்திய மொழி பேசுவோரிடையே இணையப் பயன்பாட்டு விகிதத்தில் தமிழர்கள் 42 சதவீதத்தோடு முதலிடத்தில் இருந்தார்கள். புறநகர் ஸ்டூடியோக்களின் இணையப் பக்கங்களிலோ ஒரு வரி தமிழ் காண்பது அரிது. இங்கே வீட்டு விசேஷங்களை முடிவு செய்வது பெரும்பாலும் அம்மாக்கள், பாட்டிகள், அத்தைகள். அவர்கள் பேசும் மொழியில் ஒரு பக்கம்கூட இல்லாமல் கடையைத் திறந்து வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

> பெட்டிச் செய்தி: ஒரே விசேஷம், எத்தனை எழுத்து!
>
> வளைகாப்பு: ஆங்கிலத்தில் அடிக்கும்போது கடைசியில் ஒரு ‘பி’யா, இரண்டா, நடுவில் ஒரு ‘ஏ’யா, இரண்டா என்று ஆளுக்கு ஆள் மாறும். இதையே சீமந்தம் என்பவர்கள் உண்டு, பேபி ஷவர் என்பவர்களும் உண்டு.
>
> அறுபதாம் கல்யாணம்: சஷ்டியப்தபூர்த்தி, மணிவிழா, ‘சிக்ஸ்டியத் மேரேஜ்’. சஷ்டியப்தபூர்த்தியை ஆங்கிலத்தில் இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதி நான் பார்த்ததில்லை. எண்பதுக்குச் சதாபிஷேகம்.
>
> மஞ்சள் நீராட்டு: பூப்புனித நீராட்டு விழா, சடங்கு, ஹாஃப் சாரி ஃபங்ஷன்.
>
> காதுகுத்து: மொட்டையும் சேர்ந்தால் ‘மொட்டை காதுகுத்து’, ஆங்கிலத்தில் ‘இயர் பியர்சிங்’. கடைசிச் சொல்லை மட்டும் போட்டால் நகைக்கடையும் பியூட்டி பார்லரும்தான் வரும்.
>
> புதுநன்மை: கத்தோலிக்க வீடுகளின் சொல். பிள்ளைகள் தேடுவது ‘ஹோலி கம்யூனியன்’.

ஊர்ப் பெயரில் எழுத்து மாறினால் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. சிட்லபாக்கத்துக்கு ஒரு ‘கே’ குறைந்தாலும், குரோம்பேட்டைக்கு நடுவில் ‘இ’ விட்டுப்போனாலும் வரைபடத்தில் சரியாகக் கொண்டுபோய் நிறுத்திவிடும். விசேஷங்களின் பெயரில் அந்த அளவுக்குக் கை கொடுப்பதில்லை. அதனால் என் யோசனை இதுதான்: ஊர்ப் பெயரைப் பத்து விதமாக எழுதி நேரத்தை வீணாக்காமல், ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு தனிப் பக்கம் எழுதி, அந்தப் பக்கத்துக்குள் மக்கள் சொல்லும் இரண்டு மூன்று பெயர்கள் பேச்சோடு பேச்சாக வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ‘சீமந்தம் காலையில், வளைகாப்பு சாயங்காலம் என்றால் ஒரே குழு முழு நாளும் இருக்கும்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் இரண்டு சொல்லும் வந்துவிட்டன. படிப்பவருக்கு ஒரு பயனும் கிடைத்துவிட்டது.

## அமெரிக்காவிலிருந்து ஒரு தேடல்

சிட்லபாக்கம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கம் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. பிள்ளைகள் வெளிநாட்டில். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் தேடுவது இங்கே இருக்கும் அப்பா இல்லை. நியூ ஜெர்சியில் நள்ளிரவில் விழித்திருக்கும் மகள். அவளுக்குத் ‘தூரம்’ என்ற கணக்கு பொருந்தாது. அவள் இருப்பது பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஆகவே ஊர்ப் பெயரையும் விசேஷப் பெயரையும் தானே அடிக்கிறாள். அந்த இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் இருக்கும் கடையைத்தான் அவளால் பார்க்க முடியும். அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் செய்யும் குடும்பங்களும் உண்டு. அங்கே வந்து எடுத்துக்கொடுக்கத் தயாராக இருக்கும் சிட்லபாக்கம் ஸ்டூடியோ, ‘திருக்கடையூர்’ என்ற சொல்லைத் தன் பக்கத்தில் எழுதாமல் இருப்பது கைக்கு வந்ததைத் தள்ளிவிடுவது.

இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது திருநீர்மலை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மலைமேல் ரங்கநாதர். முகூர்த்த நாளில் அங்கே நடக்கும் கல்யாணங்களை எடுத்துப் பழகிய போட்டோகிராபர்கள் இந்தப் பகுதியில் பலர். எங்கே நின்றால் வெயில் முகத்தில் விழாது, கூட்டத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு எந்தப் பக்கம் இடம் பிடிக்க வேண்டும், படியேறி வரும் பெரியவர்களை எங்கே நிறுத்தி குரூப் எடுக்கலாம் என்று அவர்களுக்கு அத்துப்படி. அதை நானூறு வார்த்தையில் எழுதிப் போட்டால், எந்தப் பெரிய நிறுவனத்தாலும் அந்தப் பக்கத்தோடு போட்டியிட முடியாது. நான் பேசிப் பார்த்தவரை யாரும் எழுதவில்லை. “எழுதுறதுக்கு ஆள் வேணும் சார்” என்கிறார்கள். வாயால் சொன்னால் போன் எழுத்தாக்கித் தருகிறது. சொன்னபடியே போடலாம்.

குழந்தைப் பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருவோம். தாம்பரத்தில் பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. பெரியவர்களுக்கு அங்கேயே படம் எடுத்துவிடுகிறார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும், வெள்ளைப் பின்னணியில். ஆறு மாதக் குழந்தையைக் கண்ணைத் திறந்து நேரே பார்க்க வைத்துப் படம் எடுப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். அம்மா கையில் வெள்ளைத் துணியைப் போர்த்தி, மடியில் சாய்த்து, ஒரு கிலுகிலுப்பையை லென்ஸுக்கு மேலே ஆட்டி... இந்த வேலையைச் செய்யும் கடைகள் உண்டு. அதை எழுதி வைத்திருக்கும் கடைதான் கண்ணில் படுவதில்லை.

> பெட்டிச் செய்தி: அளவும் ஒரு தேடுசொல்
>
> இந்தியப் பாஸ்போர்ட் போட்டோ: 3.5-க்கு 4.5 செ.மீ., வெள்ளைப் பின்னணி. அமெரிக்க விசா: 2-க்கு 2 அங்குலம், 2016 நவம்பர் முதல் மூக்குக் கண்ணாடி கூடாது. ஷெங்கன் விசா: 3.5-க்கு 4.5 செ.மீ.
>
> ‘யுஎஸ் விசா போட்டோ’ என்று தேடுபவர் அன்றைக்கே வந்து நிற்பவர். அளவை எழுதிய கடைக்கு நம்பி வருவார்.

## பத்துப் பேர் தேடினால் போதுமா?

கூகுள் விளம்பரக் கணக்கில் ‘கீவேர்டு பிளானர்’ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும். விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்குத் துல்லியமான எண் வராது. ‘10 முதல் 100’ என்பது போன்ற வீச்சுதான் வரும். ஊர்ப் பெயர் சேர்த்த சொற்களுக்குச் சில சமயம் அதுவும் வராது. அதைப் பார்த்து ‘ஆளே இல்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அங்கேதான் கணக்குத் தப்புகிறது. ஒரு சிறு ஸ்டூடியோ ஒரு மாதத்தில் எத்தனை கல்யாணம் எடுக்க முடியும்? முகூர்த்த நாள்களே கொஞ்சம். ‘சென்னை’ என்று தேடும் ஆயிரம் பேரில் ஒருவர்கூட வராமல் போகலாம்; ‘செம்பாக்கம் வளைகாப்பு போட்டோகிராபர்’ என்று தேடும் ஐந்து பேரில் இருவர் கூப்பிட்டால் அந்த வாரச் செலவு கழிந்தது. தேடும் சொல் நீள நீள, தேடுகிறவர் முடிவெடுக்கும் இடத்துக்கு நெருங்கி வந்திருக்கிறார் என்று பொருள். ஒவ்வொரு நாளும் தனக்கு வரும் தேடல்களில் 15 சதவீதம் இதற்கு முன் யாருமே தேடியிராதவை என்று கூகுள் பல முறை சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் முன்கூட்டிப் பட்டியல் போட முடியாது. வேலையை முழு வாக்கியங்களில் விவரித்து எழுதி வைப்பதுதான் அந்தப் பதினைந்துக்கும் வலை.

சொந்த இணையதளம் இருந்தால் ‘சர்ச் கன்சோல்’ அவசியம். எந்தச் சொல்லுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை 16 மாதங்கள் வரை வைத்திருக்கும். நாம் நினைத்தே பார்க்காத ஒரு சொல் அங்கே நிற்கும். அதற்கு ஒரு பக்கம் எழுதுவது நிச்சயம் பலன் தரும் வேலை.

காசு கொடுத்து விளம்பரம் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘போட்டோகிராபி’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு விளம்பரம் போட்டால், போட்டோகிராபி கோர்ஸ் தேடுபவர், வேலை தேடுபவர், கேமரா வாடகைக்குத் தேடுபவர் எல்லாரும் தொடுவார்கள். ஒவ்வொரு தொடுகைக்கும் காசு போகும். கோர்ஸ், வேலை, சம்பளம், வாடகை, இலவசம் என்ற சொற்களை ‘வேண்டாத சொற்கள்’ பட்டியலில் முதல் நாளே போட வேண்டும். தமிழில் கூகுள் விளம்பரம் 2018 பிப்ரவரியிலிருந்தே செய்யலாம். அதற்குப் போட்டியும் குறைவு. அதைத் தொட்டுப் பார்த்த ஸ்டூடியோக்காரர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

## ஆடியிலேயே எழுதி வையுங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் இந்தத் தொழிலில் கை காலியாக இருக்கும். ஆவணி பிறந்தால் நிற்க நேரமிருக்காது. ஒரு பக்கத்தை எழுதிப் போட்டால் அது தேடலில் மேலே வர வாரங்கள், பல சமயம் மாதங்கள் ஆகும். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆட்கள் தேடுவது சித்திரை, வைகாசியிலேயே ஆரம்பமாகிவிடும். ஆக, மார்கழியில் எழுதியது வைகாசியில் பேசும். ஆடியில் எழுதியது தையில் பேசும். வளைகாப்பு அப்படி இல்லை. ஏழாம் மாதம் பிறந்த பிறகுதான் நாள் குறிப்பார்கள், இரண்டு வாரத்துக்குள் போட்டோகிராபர் வேண்டும். காதுகுத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவசரமாகத் தேடப்படும் சொற்கள் வருஷம் முழுக்கத் தயாராக இருக்க வேண்டியவை.

படங்களின் பெயரும் இதில் சேர்த்தி. கேமரா கொடுக்கும் ‘டிஎஸ்சி 0417’ என்ற பெயரோடு ஆல்பத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். கூகுளின் படத் தேடல் 2001-ல் பிறந்ததற்கு, முந்தைய ஆண்டு கிராமி விழாவில் ஜெனிபர் லோபஸ் அணிந்து வந்த பச்சை உடையைப் பார்க்க உலகமே முண்டியடித்தது ஒரு காரணம் என்பார்கள். மக்கள் சொல்லை அடித்துப் படத்தைத் தேடினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை படத்தைக் கண்டுபிடிப்பதில் சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘திருநீர்மலை கோயில் கல்யாணம் குரூப் போட்டோ’ என்று பெயர் மாற்றி ஏற்ற அரை நிமிஷம் போதும். இன்ஸ்டாகிராமே போதும் என்று இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2025 ஜூலை முதல் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலில் வரத் தொடங்கிவிட்டன. வெறும் இதயக்குறிகளும் ஹேஷ்டேகுமாக இருக்கும் பதிவுக்கு அங்கே என்ன பிடிமானம்?

## பெயரில் ஒட்டுப் போட்டால்

இனி விளைவுகள். கடைப்பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் பிசினஸ் புரொஃபைலிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. பெயருக்குப் பின்னால் ‘பெஸ்ட் கேண்டிட்’, ‘இன் சென்னை’ என்று ஒட்டினால் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம், புரொஃபைலே முடக்கப்படலாம். முடங்கினால் பலகையையும் பில் புத்தகத்தையும் படமெடுத்து அனுப்பி, காத்திருந்து, மன்றாடித்தான் மீட்க வேண்டும். அது முகூர்த்த மாதத்தில் நடந்தால் அந்த மாத வருமானம் போயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், ஒட்டைப் போட்டுக் கொடுத்தவர் அதற்குள் வேறு எண்ணுக்கு மாறியிருப்பார். கணக்கின் பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கும். ‘கூகுளில் முதல் இடம் உறுதி’ என்று யார் கூப்பிட்டாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

விமர்சனமும் சொல்தான். ‘சூப்பர் சார்’ என்று ஐந்து நட்சத்திரம் போடுவதைவிட, ‘எங்கள் பெண்ணின் வளைகாப்பை ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் எடுத்தார்கள், பத்து நாளில் ஆல்பம் கைக்கு வந்தது’ என்று ஒரு வரி எழுதினால் அதன் மதிப்பு வேறு. யாராவது வளைகாப்பு என்று தேடும்போது அந்த வரியையே கடையின் பெயருக்குக் கீழே கூகுள் எடுத்துக் காட்டுவதுண்டு. வாடிக்கையாளரிடம் அப்படி எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் பரிசோ தள்ளுபடியோ கொடுப்பது விதிப்படி தவறு.

## அந்தச் சிறுமியின் படம்

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மஞ்சள் நீராட்டு விழா என்பது புறநகர் ஸ்டூடியோக்களுக்குப் பெரிய வருமானம். அந்தச் சொல்லைத் தேடினால் கொட்டும் படங்களைப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள். பேனரில் பெயர், சிலவற்றில் தேதி, மண்டபத்தின் பெயர், பின்னால் சொந்தக்காரர்களின் முகங்கள். வாடிக்கையாளர் கண்டுபிடிக்க வேண்டும் என்று போட்டோகிராபர் சேர்த்த அதே சொற்கள், அந்தக் குழந்தையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்க வழி செய்கின்றன. பள்ளியில் ஒரு பையன் அந்தப் படத்தை எடுத்து வகுப்புக் குழுவில் போட்டால் அவள் எந்த முகத்தோடு மறுநாள் வகுப்புக்குப் போவாள்?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே ‘படத்தை எங்கள் பக்கத்தில் போடலாமா?’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அப்பாவிடம் கேட்டால் மட்டும் போதாது என்பேன். அந்தப் பெண்ணையும் கேட்க வேண்டும். அந்த விழாவுக்கான பக்கத்தில் முகமே தேவையில்லை. மருதாணிக் கை, தட்டுவரிசை, அலங்கரித்த மேடை போதும். தேடுபவருக்கு வேலையின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

## ஒரு மத்தியானம், ஒரு நோட்டு

போன வாரம் அந்த ஸ்டூடியோவில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பெயரிலிருந்த ஒட்டை எடுத்தோம். வகைகளில் போட்டோ ஸ்டூடியோவை முதலில் வைத்து, பாஸ்போர்ட் போட்டோவையும் கல்யாணத்தையும் பின்னால் சேர்த்தோம். சேவைகள் பட்டியலுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கைக்குழந்தைப் பாஸ்போர்ட் போட்டோ. வளைகாப்பு, சீமந்தம். அறுபதாம் கல்யாணம். தண்ணீர் பட்ட பழைய படம் சரிசெய்தல்.

அடுத்ததில் நின்றுவிட்டார். “இறந்தவங்க படம்னு எழுதினா நல்லாவா இருக்கும் சார்? வாசல்ல வர்றவங்க முகம் சுளிப்பாங்களே?” என்றார். நியாயம்தான். அந்த நேரத்தில் அந்த வீட்டார் அந்தச் சொல்லை அடிக்கவும் மாட்டார்கள். அன்று பேரன் என்ன அடித்தான் என்று நினைவுபடுத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி அவரே எழுதினார்:

‘போட்டோ பெரிதாக்கி பிரேம். அவசரம் என்றால் விடியற்காலையிலும் கூப்பிடலாம். சிட்லபாக்கம்.’